போன காரணம் ஒன்று, திரும்பாத காரணம் வேறு: முதலாண்டு மாணவர் மூவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்கு

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான் இது. பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் கொத்தனார் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து வகுப்பில் உட்காருவதை தினமும் பார்க்கிற எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. ஆடியில் சேர்ந்து, மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போய், அப்படியே நின்றுவிடுகிறவர்களைப் பற்றி அந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியாது. கல்லூரிக் கோப்பில் அவர்கள் பெயருக்கு எதிரே 'குடும்பச் சூழல்' என்று எழுதியிருக்கும். அதோடு கோப்பு மூடிவிடும்.

2023-24 கல்வியாண்டில் எனது பொறுப்பில் இருந்த முதலாண்டு பி.காம். வகுப்பில், ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மூன்று பேர் இரண்டாம் பருவம் தொடங்கியபோது வரவில்லை. ஒரு மாணவி, இரண்டு மாணவர்கள். மாணவி திரும்பி வந்தார். மற்ற இருவரும் வரவில்லை. மூன்று வீடுகளின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க முடிவு ஏன் வேறாகிப் போனது என்று விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: ஒரு மாணவன் கல்லூரியை விட்டுப் போகும் காரணமும், அவன் திரும்பி வராமல் இருக்கும் காரணமும் ஒன்றல்ல. போகும் காரணம் பெரும்பாலும் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. திரும்பாத காரணமோ பல நேரம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

மூவரிடமும் அவர்கள் வீட்டாரிடமும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லவில்லை.

பின்னணி

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது பழைய வழக்கம். காலை எட்டு மணிக்கு வண்ணார்பேட்டையிலோ சமாதானபுரத்திலோ நின்று பார்த்தால் அந்தப் பெயரை இன்று யார் தாங்குகிறார்கள் என்பது தெரியும். அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம், நாங்குநேரி என்று எல்லாப் பக்கத்து பஸ்களிலும் படிக்கட்டு வரைக்கும் நின்றுகொண்டு வருகிற பிள்ளைகள்தான். இவர்களில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆட்கள்.

எங்கள் கல்லூரி அரசு உதவி பெறுவது. ஆனால் இந்த வகுப்பு சுயநிதிப் பிரிவைச் சேர்ந்தது. உதவி பெறும் பிரிவைப் போலப் பல மடங்கு கட்டணம். ஆண்டுக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம். இரண்டாவது தவணை ஜனவரியில்.

மூவரின் ஊர் முக்கூடல் பக்கம், தாமிரபரணியை ஒட்டியது. அங்கே பெண்களில் பெரும்பாலானோருக்குப் பீடிதான் வேலை. கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, நூல் கட்டி, கட்டுப்போட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வாரத்தில் எல்லா நாளும் இலை கிடைப்பதில்லை. பதிவான தொழிலாளிக்குப் பாஸ் புத்தகமும் வைப்புநிதியும் உண்டு. அந்தக் கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, அம்மா படுத்துவிட்டால் மகள் பீடி சுற்றும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஆண்கள் கேரளாவுக்குக் கட்டட வேலைக்கோ, சென்னையில் சொந்தக்காரர் மளிகைக் கடைக்கோ போவார்கள்.

முதல் மாணவன்தான் இந்தப் பதிவின் மையம். அப்பா கேரளாவில் கொத்தனார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். அம்மா பீடி சுற்றுகிறார். தங்கை பள்ளியில் படிக்கிறாள். இவன் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு படித்தவன். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண். இரண்டாம் மாணவன் பக்கத்துத் தெரு. ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவனை, 'டிகிரி இல்லாம என்ன மரியாதை' என்று சொல்லி வீட்டில் இங்கே சேர்த்தார்கள். மாணவி ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர். அப்பா அந்த ஊரிலேயே கிடைக்கிற கூலி வேலை பார்க்கிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்குக்கே வந்துவிடும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. மாணவர்கள் இருவருக்கும் அந்த ஆண்டில் இவை இரண்டுமே இல்லை. அரசுக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கிற இலவச பாஸும் இவர்களுக்குக் கிடையாது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

முதல் பருவத்தில் கண்டவை

முதல் மாணவன் சேர்ந்த புதிதில் ஒரு நாள்கூட விடாமல் வந்தான். கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்காருவான். பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், பதில் வராது. அவன் விடைத்தாளைப் பார்த்த கணக்குப் பாட ஆசிரியர் கவனித்த ஒன்று முக்கியமானது: பேரேடு, இருப்பாய்வு என்று கணக்காக வருவதை எல்லாம் கோடு பிசகாமல் போட்டிருக்கிறான். ஆங்கிலத்தில் விளக்கி எழுத வேண்டிய பகுதி மட்டும் வெற்றாக இருக்கிறது. ஆங்கிலத் தாளில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு அதே பாடத்தைப் புதிய மொழியில் சொல்லப் பழக அந்தப் பருவத்தில் யாரும் நேரம் ஒதுக்கவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஆவணி பிறந்ததும் திங்கட்கிழமைகளில் வராமல் இருக்கத் தொடங்கினான். இரண்டாம் மாணவனும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டையும் முகூர்த்த நாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை. சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை சாப்பாடு, மத்தியானப் பந்தி, பாத்திரம் ஏற்றி அனுப்பிவிட்டு ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். திங்கள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு எழுந்திருக்க முடியாது. நெல்லையில் கல்லூரி மாணவர் பலருக்கு இதுதான் கைச்செலவுக்கு வழி. இதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. பஸ் காசும் நோட்டுக் காசும் அதிலிருந்துதான் வந்தன.

மாணவியைப் பொறுத்தவரை முதல் பருவத்தில் குறிப்பிட எதுவும் இல்லை. ஒழுங்காக வந்தார், சுமாராகப் படித்தார். ஒரே ஒரு விஷயம்: பக்கத்துப் பெஞ்சில் பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு நல்ல சிநேகிதம். பின்னால் இது பெரிய உதவியாக இருந்தது.

மாணவர்கள் இருவருக்கும் அப்படி ஒரு துணை வகுப்பில் இல்லை. ஒருவனுக்கு மற்றவன்தான் துணை. அதனால் இருவரும் ஒரே நேரத்தில் நின்றபோது, அவர்கள் எங்கே என்று தெரிந்த ஆள் வகுப்பிலேயே இல்லாமல் போனது.

வெள்ளமும் விடுமுறையும்

பருவத்தேர்வு முடிந்த கையோடு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி கரை மீறியது. ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. கல்லூரிகளுக்கு விடுமுறை, பின்னாலேயே கிறிஸ்துமஸ், புத்தாண்டு. வகுப்பு மறுபடி சரியாக நடக்க ஜனவரி ஆகிவிட்டது.

அந்த ஊரில் முதல் மாணவனின் வீட்டுப் பக்கச்சுவர் சரிந்தது. வாங்கி வைத்திருந்த இலையும் தூளும் நனைந்து வீணாயின. பீடிக் கடை சில வாரம் இலை கொடுக்கவில்லை. அப்பாவால் உடனே வர முடியவில்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாய்மாமா போனில், 'லீவு முடியிற வரைக்கும் அவன இங்க அனுப்பு அக்கா, கடையில நிக்கட்டும்' என்றார். சேறு காய்வதற்கு முன்பே அவன் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டான். அப்போது அவன் கல்லூரியை விடுவதாக நினைக்கவே இல்லை. புத்தகப் பையையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறான்.

மாணவியின் அம்மா வெள்ளச் சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையால் பீடி சுற்ற முடியாது. கடையில் மறுபடி இலை கொடுக்கத் தொடங்கியபோது மாணவி தட்டில் உட்கார்ந்தார்.

இரண்டாம் மாணவன் எங்கும் போகவில்லை. தவணையில் வாங்கிய செல்போனுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது. தை முகூர்த்தங்கள் தொடங்கியதும் மண்டப வேலையை முழு நேரமாக எடுத்துக்கொண்டான்.

வராமல் போன பிறகு

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் வராதவர்களுக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போவது நடைமுறை. அச்சடித்த ஆங்கிலப் படிவம் அது. வருகை குறைந்திருக்கிறது, பெற்றோருடன் துறைத்தலைவரைப் பார்க்கவும், கட்டண நிலுவையைச் செலுத்தவும் என்று அதில் இருக்கும். மூன்று வீட்டுக்கும் போனது. முதல் மாணவனின் எண்ணுக்குப் போன் செய்தால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. சென்னையில் புது சிம் வாங்கியிருக்கிறான்.

நம் பக்கத்தில் ஒரு பையன் திடீரென்று வராமல் போனால் பஸ்ஸில் ஏதும் தகராறா, ஊரில் ஏதும் பிரச்சினையா என்றுதான் முதலில் கேட்போம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. கேட்டோம். அதே பஸ்ஸில் வரும் மற்ற வகுப்பு மாணவர்களிடம் தனித்தனியாக விசாரித்தோம். இந்த மூவர் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது உறுதியானது. அதன் பிறகே சக ஆசிரியர் ஒருவரோடு ஊருக்குப் போனோம்.

முதல் மாணவனின் அம்மா திண்ணையில் இருந்தார். எங்களைக் கண்டதும் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து நின்றார். பையன் ஏன் வரவில்லை என்று கேட்டபோது அவர் சொன்னது எங்களுக்குப் புதுச் செய்தி.

"அவன் பொங்கலுக்கு வந்திருந்தாம்லா சார். காலேஜுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லித்தான் கிளம்பினான். மத்தியானமே திரும்பி வந்துட்டான். ஒண்ணும் சொல்லல. ராத்திரியே மெட்ராசுக்குப் போறேன்னுட்டான்."

அப்படியென்றால் அவன் திரும்பி வந்திருக்கிறான். கல்லூரிக்கே வந்திருக்கிறான். வந்தவன் வகுப்புக்குள் நுழையவில்லை. பிறகு விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் வராதவர்கள் துறையில் அனுமதிச்சீட்டு வாங்கித்தான் வகுப்பில் உட்கார முடியும். சீட்டு கேட்டவனிடம், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா, கட்டண ரசீதையும் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். சத்தம் போடவோ திட்டவோ இல்லை. எல்லோரிடமும் சொல்வதுதான். அப்பா கேரளாவில். அம்மாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று அவனுக்கே தெரியும். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்: "நான் அங்க வந்து என்னத்த சார் பேச? எனக்கு அங்க நிக்கத் தெரியுமா?" ஒரு நாள் வந்துபோனால் ஒரு நாள் கூலி போகும். அதைவிட, அந்த வளாகத்துக்குள் நுழைவதற்கே அவருக்கு அச்சமாக இருந்தது.

அலுவலகத்திலிருந்து போன கடிதத்தைக் காலண்டருக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். ஃபீஸ் கேட்டு வந்த நோட்டீஸ் என்று நினைத்திருக்கிறார்.

அவனுடைய புது எண்ணை வாங்கிப் போனில் பேசினேன். நன்றாகவே பேசினான். வகுப்பில் நான் கேட்டே இராத அளவுக்குப் பேசினான். "முதல் செம்ல எல்லாம் அரியர் போயிருக்கும் சார். அட்டெண்டன்ஸ் போச்சு. ஃபீஸ் கட்டணும். அம்மாவக் கூட்டிட்டு வரணும். எதுலேருந்து சார் ஆரம்பிக்க?"

தேர்வு முடிவு வந்தபோது ஆங்கிலத்தைத் தவிர எல்லாத் தாளிலும் அவன் தேர்ச்சி. கணக்கில் வகுப்பின் முதல் வரிசையில் இருந்தான். அது அவனுக்குத் தெரியாது. முடிவு இணையத்தில் வெளியானது. அவன் பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எல்லாம் போய்விட்டது என்ற முடிவுக்கு அவன் அதற்கு முன்பே வந்திருந்தான்.

வருகைக் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பருவத்துக்கு வழக்கமாக 90 வேலை நாள். தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். அதாவது 22 நாள்தான் விடலாம். ஜனவரி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஒருவர் வரவில்லை என்றால் அந்த 22 நாள் முடிந்துவிட்டது. வெள்ளத்தில் விட்டுப்போன நாள்களுக்கு அந்தப் பருவத்தில் சனிக்கிழமையும் வகுப்பு வைத்தோம். மண்டப வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு வாரத்தில் இருந்த இரண்டு சம்பாத்திய நாளில் ஒன்று அதோடு போனது. விதி யாருக்கும் எதிராகப் போட்டதில்லை. ஆனால் பொங்கல் முடிந்து வந்த அன்று அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கில் தப்பியிருப்பான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மாணவி விஷயத்தில் முதலில் முடிவெடுத்தோம், ஏனென்றால் அங்கே நேரம் மிச்சமிருந்தது. பேட்டைத் தோழி வாராவாரம் நோட்டுகளைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் மாணவிக்கு வகுப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருந்தது. பெற்றோர் வர வேண்டாம், போனில் பேசினால் போதும் என்று துறைத்தலைவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அப்பாவிடம் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அவ காலேஜுக்குப் போகலேன்னா அந்த ஆயிரம் வருமா சார்?" வராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்ப திங்கக்கிழமை அனுப்புறேன்' என்றார். அவரைப் பேராசைக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகள் தட்டில் உட்கார்ந்தால் வருகிற கூலிக்கு எதிராகத் தராசில் வைக்க அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. அந்த 1,000 ரூபாய் அங்கே ஒரு வாதமாக வேலை செய்தது.

முதல் மாணவனுக்கு இரண்டு வழி இருந்தது. உடனே வந்தால், வருகைக் குறைவுக்கு அபராதம் கட்டித் தேர்வெழுத முயற்சி செய்யலாம். இல்லையென்றால் இடைநிறுத்தம் எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு இதே பருவத்தில் மறுசேர்க்கை வாங்கலாம். கட்டணத்தைத் தள்ளிவைக்கத் துறை சம்மதித்தது. பெற்றோர் வர வேண்டும் என்ற நிபந்தனையை விலக்கினோம். இதை எல்லாம் அவனிடம் சொன்னேன். ஆனால் அப்போது அவன் கடைக்குப் போய் ஏறக்குறைய இரண்டு மாதம். சுவர் கட்ட வாங்கிய கடனுக்கு அவன் அனுப்பும் பணம்தான் போய்க்கொண்டிருந்தது. உடனே வா என்று அவனை நெருக்கவில்லை. படிப்பின் அருமையைப் பற்றிப் பேசி, அவன் அனுப்பும் பணத்தை மதிப்பில்லாததாக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. இடைநிறுத்தத்துக்கான விண்ணப்பத்தை அனுப்பினோம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

இரண்டாம் மாணவன் நேரில் வந்தான். பி.காம். வேண்டாம், ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும், டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்றான். அவன் தெளிவாக இருந்தான். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆண்டு முழுவதுக்குமான கட்டணத்தைக் கட்டினால்தான் அசல் சான்றிதழ் தர முடியும் என்றது அலுவலகம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. அந்த அறிவிக்கையை இணைத்துக் கல்லூரி முதல்வருக்குக் குறிப்பு எழுதினேன். சான்றிதழ்கள் கைக்கு வந்தன. இங்கே படிப்பை விட்டவனுக்கு வேறெங்கும் சேரும் வழியையும் அடைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. ஆனால் பல ஊர்களில் பல பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் இப்படித்தான் ஏதோ ஒரு பீரோவில் கிடக்கிறது.

பிறகு நடந்தது

மாணவி அந்தப் பருவத்தை இரண்டு அரியரோடு முடித்தார். அடுத்த ஆண்டு இரண்டையும் எழுதித் தேறினார். மூன்றாமாண்டுக்கும் வந்துவிட்டார்.

இரண்டாம் மாணவன் 2024இல் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தான். கல்லூரிக் கணக்கில் இவன் இடைநின்றவன். நான் அப்படி எண்ணவில்லை. அவன் முதலில் கேட்ட இடத்துக்கு ஓராண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

முதல் மாணவனுக்கு மறுசேர்க்கை நேரம் 2024 டிசம்பரில் வந்தது. அப்போது தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் விண்ணப்பிக்கலாம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான். பிறகு, 'ஜூனியர் பசங்களோட உக்காரணுமே சார்' என்றான். மாமா கடையில் கணக்கு முழுவதும் அவன் பொறுப்பில் வந்திருந்தது. தங்கை பிளஸ் டூ போகிறாள், அவளைக் கட்டாயம் படிக்க வைப்பேன் என்றான். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவன் போனதற்குக் காரணம் வெள்ளமும் சரிந்த சுவரும். அதற்கு நாங்கள் எதுவும் செய்திருக்க முடியாது. திரும்பாததற்குக் காரணம் ஒரு அனுமதிச்சீட்டு, படிக்க முடியாத ஒரு கடிதம், தெரிவிக்கப்படாத ஒரு தேர்வு முடிவு. இந்த மூன்றையும் சரிசெய்யப் பணம் வேண்டியதில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

அனுமதிச்சீட்டு முறையை எங்கள் துறையில் மாற்றிவிட்டோம். வெகுநாள் கழித்து வருகிற முதலாண்டு மாணவர் நேரே வகுப்பில் போய் உட்காரலாம். கேட்க வேண்டியதை வகுப்புப் பொறுப்பாசிரியர் அன்று மாலைக்குள் கேட்டுக்கொள்வார். பெற்றோரிடம் பேச வேண்டும் என்றால் நாங்களே போன் செய்கிறோம். ஒழுங்கு கெட்டுவிடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை.

வீட்டுக்குப் போகும் கடிதத்தைத் தமிழில், ஐந்து வரியில் எழுதுகிறோம். முதல் வரியில், 'உங்கள் பிள்ளையின் இடம் அப்படியே இருக்கிறது' என்று இருக்கும். கட்டண விஷயத்தை அதே கடிதத்தில் சேர்ப்பதில்லை.

முதல் பருவ முடிவு வந்த அன்று வராத மாணவர் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்கிறோம். சேரும்போதே மாணவர் எண்ணோடு, ஊரில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்குகிறோம். அம்மாவோ பாட்டியோ பக்கத்துக் கடைக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. மாணவர்கள் சிம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

வகுப்பில் உட்காரும் இடத்தை முதல் மாதத்தில் நாங்களே அமைக்கிறோம். ஒரே ஊர்க்காரர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அவர்களுக்கு ஆறுதல்தான், அதைப் பிரிக்கவில்லை. ஆனால் அதே பெஞ்சில் வேறு பக்கத்திலிருந்து வரும் ஒருவரையும் சேர்க்கிறோம். மாணவியைத் திரும்பக் கொண்டுவந்ததில் அந்தத் தோழிக்கு எங்கள் யாரையும்விடப் பங்கு அதிகம்.

உதவித்தொகைகளை ஆகஸ்டுக்குள் எழுதி முடிக்கும்படி ஒரு நாள் ஒதுக்குகிறோம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் வழங்கும் உதவித்தொகைக்கு இந்த மூவரில் ஒருவர்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் புதுமைப்பெண் திட்டத்தை விரிவாக்கி 2024 டிசம்பர் 30இல் தூத்துக்குடியில் தொடங்கினார்கள். மிஷன் பள்ளிகள் நிறைந்த நெல்லைச் சீமையில் இதனால் பயன்பெறுவோர் ஏராளம். அதையும் வகுப்பில் கேட்டுப் பார்த்தால் பாதிப்பேர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. முதல் மாதம் கணக்குப் பாடத்தை இரண்டு மொழியிலும் நடத்துகிறோம். அதற்கு மேல் ஆசிரியர் நேரமும் பாடத்திட்டமும் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் தவணைக் கட்டணத்தின் கடைசி நாள் இப்போதும் ஜனவரியில்தான் இருக்கிறது. பொங்கல் செலவு முடிந்து கையில் ஒன்றும் இல்லாத மாதம் அது. விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பி வர வேண்டிய மாதமும் அதுதான். அதைப் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளும்படி துறையின் சார்பில் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அடுத்த சேர்க்கைக்கு முன் பதில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.